தங்கச்சி கல்யாணம் முடிந்தும் இணையத்தில் கிடந்த வரன் விவரம்: கூகுளின் நீக்கல் படிவத்தைப் பயன்படுத்திய அனுபவம்

கூகுளில் தேடினால் நம்முடைய போன் நம்பர், வீட்டு முகவரி, ஆதார் எண் மாதிரியான விவரங்கள் வருகின்றன என்றால், அவற்றை எடுக்கச் சொல்லி விண்ணப்பிக்க ஒரு படிவம் இருக்கிறது. கூகுள் தேடலின் உதவிப் பக்கங்களிலேயே கிடைக்கும். கட்டணம் கிடையாது. என் தங்கைக்காகத்தான் முதலில் அதைப் போட்டேன். அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களுக்கும் போட்டுக் கொடுக்கிறேன். கோவில்பட்டியில் ஜெராக்ஸும் பிரவுசிங்கும் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் உண்டு. இதைப் பற்றித் தமிழில் தேடினால், 'கூகுளிலிருந்து உங்கள் பெயரை அழிப்பது எப்படி' என்று பெரிதாகத் தலைப்பு போட்டுவிட்டு உள்ளே ஒன்றும் சொல்லாத வீடியோக்கள்தான் வந்து விழுகின்றன. அந்தப் படிவம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் இறங்கினால் பாதி வேலையோடு நின்றுவிடுவீர்கள்.

தங்கைக்கு வரன் பார்த்தபோது அப்பா ஒரு திருமணத் தகவல் மையத்தில் பதிந்தார். பெயர் வேண்டாம். பெரிய கம்பெனி இல்லை, எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் நம்பிப் பதிகிற இடம். கட்டணம் கட்டி, படிவம் நிரப்பி, ஸ்டுடியோ போட்டோவும் ராசிக்கட்டமும் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் படிவத்தில் என்ன இருக்கும் என்று வரன் தேடிய வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். பிறந்த தேதி, பிறந்த நேரம், பிறந்த ஊர், நட்சத்திரம், குலதெய்வம், படிப்பு, வேலை பார்க்கிற கம்பெனி, சம்பளம், உயரம், நிறம், அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் யார் யார், வீடு சொந்தமா வாடகையா, எத்தனை பவுன் போடுவீர்கள். கடைசியில் கதவு எண்ணோடு முகவரி, இரண்டு போன் நம்பர். ஒருவர் பெயரைச் சொல்லி மோசடி செய்ய நினைப்பவனுக்கு இதைவிட வசதியான தாள் கிடைக்காது.

இது அவர்கள் மேஜையில் ஃபைலில் இருக்கும், வரன் கேட்டு வருகிறவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள் என்றுதான் அப்பா நினைத்திருந்தார். மையமோ எல்லாவற்றையும் அப்படியே தன் இணையதளத்தில் ஏற்றிவிட்டது. கடவுச்சொல் கேட்பதில்லை, பதிவு கேட்பதில்லை. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், கூகுளும் திறந்து படித்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

வேறொரு வழியாக வரன் அமைந்து, கல்யாணம் முடிந்து, தங்கை ஓசூரில் இருக்கிறாள். அப்பாவுக்கு வந்த அழைப்புகள் நிற்கவே இல்லை. 'பொண்ணு இன்னும் இருக்கா சார்?' என்று கேட்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தத்தில் ஒருவர், தன் பையனுக்குப் பெண் தேடும்போது தங்கையின் படத்தைப் பார்த்துவிட்டார். கீழே 'எதிர்பார்ப்பு: நல்ல வேலை, நல்ல குடும்பம்' என்று இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்கு இன்னும் வரன் பார்க்கிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. தங்கையின் மாமியார் நல்ல மனுஷி. அம்மாவுக்கு நேராகப் போன் போட்டு, 'இது என்னன்னு பாருங்க சம்பந்தி' என்றார். நேராகக் கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொள்கிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அந்த மாதிரி வீட்டில் வாழப் போன ஒரு பெண்ணை நினைத்துப் பார்க்கும்போதுதான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது.

படிவத்தைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, இணைப்புகளைத் திரட்டுவது. இதில்தான் பொறுமை வேண்டும். பெயரை மட்டும் தேடிவிட்டு நிறுத்தக் கூடாது. நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு எத்தனையோ எழுத்துக்கூட்டல் வரும். இனிஷியல் முன்னால் ஒரு மாதிரி, பின்னால் ஒரு மாதிரி, அப்பா பெயரை முழுதாக எழுதினால் இன்னொரு மாதிரி, கல்யாணத்துக்கு அப்புறம் கணவர் பெயரோடு வேறு மாதிரி. தமிழ் எழுத்திலும் தனியாகத் தேட வேண்டும். அப்புறம் போன் நம்பர். இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, பத்து இலக்கத்தையும் சேர்த்து ஒருமுறை, ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒருமுறை, முன்னால் 91 சேர்த்து ஒருமுறை தேடிப் பாருங்கள். பெயரைத் தேடியபோது வராத பக்கங்கள் நம்பரைத் தேடினால் வரும்.

எந்தத் தளம் என்று தெரிந்த பிறகு அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடலாம். 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, கோலன் போட்டு, இடம் விடாமல் தளத்தின் முகவரியைச் சேர்த்து, பிறகு ஓர் இடம் விட்டு நம்பரை அடிக்க வேண்டும். இப்படிப் பார்த்தபோதுதான் தங்கையின் விவரம் அவளுடைய சொந்தப் பக்கத்தில் மட்டும் இல்லை என்று தெரிந்தது. நட்சத்திர வாரியாக ஒரு பட்டியல், மாவட்ட வாரியாக ஒரு பட்டியல், படிப்பு வாரியாக இன்னொன்று. ஒவ்வொன்றிலும் பெயரும் நம்பரும். பிரிண்ட் எடுக்க வசதியாக ஒரு பிடிஎஃப். போட்டோவுக்குத் தனி முகவரி. இத்தனையையும் ஒரு நோட்பேடில் வரிக்கு ஒன்றாக ஒட்டி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்தையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். பக்கம் போய்விட்டால் ஆதாரமும் போய்விடும், அதனால் இதை முதலில் செய்துவிட வேண்டும்.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கிற குழப்பம் ஒன்று. இணைப்பைக் கொண்டுவாருங்கள் என்றால் கூகுள் தேடல் பக்கத்தின் முகவரியைக் கொண்டுவருகிறார்கள். படிவத்தில் முக்கியமாகத் தர வேண்டியது, தேடலில் வந்ததைத் தொட்டு உள்ளே போனால் திறக்கிற பக்கத்தின் முகவரி. செல்போனில் என்றால் அந்தத் தலைப்பை அழுத்திப் பிடித்தால் இணைப்பை நகலெடுக்கும் வசதி வரும்.

இனி படிவம். பயந்துகொள்ள ஒன்றுமில்லை. தளத்தின் உரிமையாளரைத் தொடர்புகொண்டீர்களா என்று கேட்கும். இல்லை என்றாலும் மேலே போகலாம். ஒரு பெண்ணின் போட்டோவை வேண்டுமென்றே போட்டவனிடமே போய்க் கெஞ்ச வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதது எனக்கு இதில் மிகவும் பிடித்தது. எந்த வகை விவரம் என்று கேட்கும். எந்த நாடு, முழுப் பெயர், மின்னஞ்சல் கேட்கும். உங்களுக்காகக் கேட்கிறீர்களா, வேறொருவர் சார்பிலா என்றும் கேட்கும். தங்கையிடம் சொல்லி, அவள் சம்மதத்தோடு அவள் சார்பில் நான் போட்டேன். மின்னஞ்சலே இல்லாத பெரியவர்களுக்கு இந்த வசதி பெரிய உதவி.

அப்புறம் இணைப்புகள், ஸ்கிரீன்ஷாட்கள். எந்த வார்த்தைகளைத் தேடினால் இந்தப் பக்கம் வருகிறது என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தயவுசெய்து அவசரமாக நிரப்பாதீர்கள். கூகுள் ஒப்புக்கொள்ளும்போது இரண்டு விதமாக ஒப்புக்கொள்ளும். ஒன்று, அந்தப் பக்கம் எந்தத் தேடலுக்கும் வராது. மற்றது, உங்கள் பெயரைப் போட்டுத் தேடினால் மட்டும் வராது, வேறு வார்த்தைகளுக்கு வரும். பக்கத்தில் உங்கள் விவரம் தவிர வேறு பயனுள்ள விஷயமும் இருந்தால் இரண்டாவது வகைக்குத்தான் வாய்ப்பு அதிகம். அப்படி வரும்போது நீங்கள் கொடுத்த பெயர் வடிவங்கள்தான் காப்பாற்றும். அதனால்தான் எழுத்துக்கூட்டல், இனிஷியல், தமிழ் எழுத்து எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறேன்.

அனுப்பியதும் கிடைத்துவிட்டது என்று ஒரு மின்னஞ்சல் வரும். முடிவு பிறகு வரும். தங்கையின் சொந்தப் பக்கமும் பிடிஎஃபும் தேடலிலிருந்து போய்விட்டன. அதில் முகவரி, போன், பிறந்த தேதி எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததால் சிக்கல் வரவில்லை. 2022 ஏப்ரலுக்கு முன்னால் இந்த வேலை இவ்வளவு சுலபமில்லை. அடையாள எண், வங்கிக் கணக்கு எண், கையெழுத்துப் படம், மருத்துவ ஆவணம் மாதிரி சிலவற்றைத்தான் எடுப்பார்கள். போன் நம்பரோ முகவரியோ என்றால், மிரட்டும் நோக்கத்தோடு போட்டிருக்கிறார்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. அந்த மாதத்தில்தான் வெறும் தொடர்பு விவரம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம் என்று கொள்கையை விரித்தார்கள். எங்களை மாதிரி வீடுகளுக்கு அந்த மாற்றம் பெரிய விஷயம். யாரும் எங்களை மிரட்டவில்லை, அசட்டையாகத்தான் போட்டுவிட்டார்கள். ஆனால் பாதிப்பு பாதிப்புதான்.

குறை என்று சொன்னால், பேசுவதற்கு ஆள் கிடையாது. பதில் அச்சடித்த மாதிரி சுருக்கமாக இருக்கும். மறுத்தால் கூடுதல் விவரத்தோடு மறுபடி போடலாம் என்பது ஆறுதல். வயதானவர்களும் ஆங்கிலம் பழக்கமில்லாதவர்களும் யாராவது பக்கத்தில் இல்லாமல் இதை முடிக்க மாட்டார்கள். நான் பிடித்துக்கொண்ட ஒரு மதிப்பெண் இதற்குத்தான்.

இப்போது முக்கியமான விஷயம். கூகுள் எடுத்தது தேடல் பட்டியலில் இருந்த வழியை மட்டும். பக்கம் அந்த மையத்தின் கம்ப்யூட்டரில் அப்படியேதான் இருக்கிறது. இணைப்பு கையில் இருப்பவர் திறக்கலாம். பிங் போன்ற வேறு தேடுபொறியில் வரலாம். வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பு சுற்றிக்கொண்டே இருக்கலாம். இது கூகுளின் குற்றமில்லை, அவர்கள் அதை உதவிப் பக்கத்தில் தெளிவாகவே சொல்கிறார்கள். ஆனால் 'கூகுள்ல இப்ப வரல, முடிஞ்சுது' என்று நிம்மதியாகப் போய்விடுகிறவர்களை நான் தடுத்து நிறுத்தி உட்கார வைக்கிறேன்.

மையத்துக்கு அப்பாவோடு நேரில் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். 'டெலீட் பண்ணிடுவோம்மா' என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால், பட்டியலில் பெயர் இல்லை. பக்கத்தின் நேரடி முகவரியைப் போட்டால் திறக்கிறது. மேலே 'திருமணம் முடிந்தது' என்று ஒரு பட்டை மட்டும் புதிதாக ஒட்டியிருக்கிறது. கீழே அதே முகவரி, அதே சம்பளம், அதே பவுன். மறுபடி கேட்டதற்கு, தளத்தைச் செய்து கொடுத்த பையன் மதுரையில் இருக்கிறான், அவன் வந்தால்தான் முடியும் என்றார். கல்யாண போட்டோ கொடுத்தால் 'எங்கள் மூலம் இணைந்தவர்கள்' பகுதியில் போடுகிறோம் என்று வேறு கேட்டார். கல்யாணம் அவர்கள் மூலம் நடக்கவே இல்லை. அப்பாவுக்குக் கோபம் வந்து எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எழுத்தில்தான் பேசினேன். மின்னஞ்சலிலும், பதிவுத் தபாலிலும். என்ன எழுதினேன் என்று சொன்னால் யாருக்காவது உதவும். பதிவு எண், கல்யாணம் முடிந்துவிட்டது என்ற ஒரு வரி, விவரங்களை வெளியிட நாங்கள் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்ற ஒரு வரி. அதற்குக் கீழே எந்தெந்தக் கோப்பு அழிய வேண்டும் என்று தனித்தனியாக: விவரப் பக்கம், பிடிஎஃப், பெரிய போட்டோ, பட்டியலில் வரும் சின்னப் போட்டோ, ராசிக்கட்டத்தின் ஸ்கேன். சின்னத் தளங்களில் பக்கத்தை அழித்தாலும் போட்டோ கோப்பு தன் சொந்த முகவரியில் உயிரோடு இருக்கும். பக்கம் திறக்கவில்லை என்று சந்தோஷப்பட்டுவிட்டு வந்தால், படத் தேடலில் முகம் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு கோப்பின் முகவரியையும் எழுதிக் கொடுத்தால்தான் அந்த மதுரைப் பையனுக்கும் எதை அழிப்பது என்று தெரியும்.

மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2016 ஜூனிலேயே திருமணத் தளங்களுக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. குறை தீர்க்கும் அலுவலர் ஒருவரை வைத்து, அவருடைய தொடர்பு விவரத்தைத் தளத்தில் காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. இவர்கள் தளத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அதையும் கடிதத்தில் குறிப்பிட்டேன். எது வேலை செய்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் கடிதம் போன பிறகு எல்லாக் கோப்பும் போனது. வாயால் கேட்டபோது நடக்காதது பதிவுத் தபால் ஒப்புகைச் சீட்டோடு கேட்டபோது நடந்தது.

பக்கம் உண்மையிலேயே அழிந்த பிறகு கூகுளில் இன்னொரு கருவிக்கு வேலை இருக்கிறது. காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் கருவி அது. தளத்தில் போய்விட்டது, ஆனால் தேடலில் பழைய வரியோ சின்னப் படமோ இன்னும் தெரிகிறது என்றால் இதைப் பயன்படுத்த வேண்டும். தளம் நம்முடையதாக இருக்க வேண்டியதில்லை, கூகுள் கணக்கு ஒன்று இருந்தால் போதும். எனக்கு இரண்டு கருவிகளில் இதுதான் அதிகம் பிடித்தது. பக்கம் அழிந்திருந்தால் முகவரியைக் கொடுத்தாலே போதும். பக்கம் இருக்கிறது, நம் விவரம் மட்டும் அதிலிருந்து போய்விட்டது என்றால், முன்பு இருந்து இப்போது இல்லாத ஒரு சொல்லைக் கேட்கும். மாவட்டப் பட்டியல் பக்கங்களுக்கு இந்த வழிதான். அங்கே தங்கையின் பெயரைக் கொடுத்திருந்தால் வேலைக்கு ஆகாது, அதே பெயரில் வேறு பெண்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அப்பாவின் போன் நம்பரைக் கொடுத்தேன். அது வேறு யாருக்கும் இருக்க முடியாது அல்லவா? நிலுவையில் இருக்கிறதா, ஏற்றார்களா, மறுத்தார்களா என்று அதே பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பிங்குக்கு அதே மாதிரி தனிப் படிவம் உண்டு. இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் நம் பக்கத்தின் நகல் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். இருந்தால் அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அப்பாவின் நம்பர் சிலருடைய போனில் 'பொண்ணு வீடு' என்று சேமிக்கப்பட்டிருக்கும். அழைக்கிறவரின் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலியின் பட்டியலிலிருந்து நம்பரை எடுக்க அந்த நிறுவனத்தின் தளத்திலேயே ஒரு பக்கம் இருக்கிறது. கணக்கு வைத்திருப்பவர்கள் முதலில் கணக்கை முடக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நம்பரை எடுக்க முடியும்.

கூகுள் எதை எடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செய்தி, அரசுத் தளம் மாதிரி பொது நலனுக்குத் தேவை என்று அவர்கள் கருதும் பக்கங்களை இந்தப் படிவத்தால் எடுக்க முடியாது. கடைக்கு ஒரு அண்ணாச்சி வந்தார். பழைய வழக்கொன்றில் விடுதலையாகிவிட்டார், ஆனால் பெயரைத் தேடினால் தீர்ப்பு முதலில் வருகிறது, பையனுக்குச் சம்பந்தம் பேச முடியவில்லை என்றார். அவர் கண்ணைப் பார்த்துச் சொல்வது கஷ்டமாக இருந்தது, ஆனாலும் இந்தப் படிவத்தை நம்பாதீர்கள் என்றுதான் சொன்னேன். ஐரோப்பாவில் 2014லேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஒருவர் பெயரைத் தேடும்போது வரும் பழைய, பொருத்தமற்ற முடிவுகளை எடுக்கும்படி தேடுபொறியிடம் கேட்கலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. நம் சென்னை உயர்நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில், விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பின் இணையப் பிரதியில் மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அண்ணாச்சிக்கு வக்கீல்தான் வழி.

இன்னொன்று. டெலீட்மீ, இன்காக்னி மாதிரி சந்தா கட்டும் சேவைகளின் விளம்பரம் யூடியூபில் நிறைய வருகிறது. ஆண்டுக்கு நூறு டாலருக்கு மேல் கூடப் போகும். அமெரிக்காவில் மக்களின் முகவரியையும் போன் நம்பரையும் தொகுத்து விற்கிற தளங்கள் ஏராளம். அந்த மாதிரித் தளங்களுக்கு நமக்காக மனுப் போடுவதுதான் இந்தச் சேவைகளின் வேலை. அங்கே இருக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படலாம். கோவில்பட்டித் தகவல் மையத்தின் பக்கத்துக்கு அவர்களால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

ஆதார் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது பல மையங்கள் பதிவின்போது ஆதார் நகலும் கேட்கின்றன. முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரை மைஆதார் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதைக் கொடுங்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. ஆதார் நகலை எல்லாரிடமும் கொடுக்காதீர்கள், பிரவுசிங் கடைகளில் ஆதாரை இறக்கினால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திரும்பப் பெற்றாலும், அதில் என் தொழிலைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. சாயங்காலம் கடையைச் சாத்துவதற்கு முன் எங்கள் கம்ப்யூட்டர்களின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஊராருடைய ஆதார், பான், சாதிச் சான்று, வங்கிப் பாஸ்புக் எல்லாம் கிடக்கும். எல்லாவற்றையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் போகிற கடையில் அப்படிச் செய்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சட்டம் வந்துகொண்டிருக்கிறது. எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும், விவரத்தை அழிக்கச் சொல்லிக் கேட்பதும் அதில் நம் உரிமை. மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் தரச் சொல்லியும் நாம் கேட்கலாம். ஆனால் அறிவிப்பின்படி, நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியமான பகுதிகள் விதிகள் வெளியாகி 18 மாதங்கள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாமே பொதுவெளியில் போட்ட விவரத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அப்பா மையத்திடம் கொடுத்தது வரன் பார்ப்பதற்கு, ஊருக்கெல்லாம் காட்டுவதற்கு இல்லை. பதிவுப் படிவத்தில் 'விவரங்களைத் தளத்தில் வெளியிடச் சம்மதம்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வது அதனால்தான்.

எந்தப் படிவத்தாலும் தீராதது வாட்ஸ்அப்தான். தங்கையின் பிடிஎஃப் பல சமூகக் குழுக்களில் போயிருக்கிறது. யாருடைய போனில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அழைப்பு வந்தால், எந்தக் குழுவில் பார்த்தீர்கள் என்று அப்பா கேட்டு எழுதிக்கொள்கிறார். அந்தக் குழுவின் அட்மினுக்கு நான் செய்தி அனுப்புகிறேன். பெரும்பாலும் நல்ல மனதோடு எடுத்துவிடுகிறார்கள், அவர்கள் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது பெரியப்பா மகளுக்கு வரன் பார்க்கிறோம். அவளுடைய குறிப்பை நானே டைப் செய்தேன். கதவு எண்ணும் தெருவும் இல்லை, ஊர் மட்டும். கம்பெனிப் பெயருக்குப் பதில் 'தனியார் ஐடி நிறுவனம், சென்னை'. நட்சத்திரமும் ராசியும் இருக்கின்றன, பிறந்த நேரம் இல்லை. பொருத்தம் பார்க்க முதலில் அது போதும், பிடித்திருந்தால் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பவுன் கணக்கு இல்லை. வரன் பார்ப்பதற்கென்றே ஒரு தனி சிம் வாங்கி, அந்த நம்பரைப் போட்டிருக்கிறோம். கல்யாணம் முடிந்ததும் அதைச் சரண்டர் செய்துவிடுவோம். போட்டோவின் மேல் குறுக்கே தேதியும், எந்தத் தரகருக்குக் கொடுத்தோம் என்ற பெயரும் மெல்லிய எழுத்தில் இருக்கும். வெளியே போனால் யாரிடமிருந்து போனது என்று தெரியும். தரகர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, 'இப்படிக் கொடுத்தா யாரும்மா கேப்பாங்க?' என்றார். முதல் வாரத்திலேயே நல்ல இடத்திலிருந்து கேட்டுவிட்டார்கள். இன்னும் பேசி முடிக்கவில்லை.